கன்றை விற்ற ராத்திரி மாட்டுக்கு ‘மகிழ்ச்சி 91’ என்று பெல்ட் சொல்கிறது, நம்பலாமா?

தோட்டத்துக்காரன் (வாழப்பாடி பக்கம்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் தோட்டத்தில் மூன்று உருப்படிகள். இரண்டு ஜெர்சி கலப்பு, ஒன்று நாட்டு மாடு. நான் ஐந்து வருடம் பெங்களூரில் கணினி வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவன். மாட்டைப் பார்த்துக்கொள்வது இன்னமும் அம்மாதான், நான் செல்போனைப் பார்த்துக்கொள்கிறவன் (இது அம்மா சொன்னது). ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு கண்காட்சியில் மாட்டுக் கழுத்தில் கட்டுகிற பெல்ட் ஒன்றை வாங்கினேன். சினைப்பருவம் வந்தால் தெரியும், அசை போடும் நேரம் தெரியும் என்றார்கள். அதெல்லாம் பரவாயில்லை, ஓரளவு சரியாகவே காட்டுகிறது. கூடவே செயலியில் ‘மகிழ்ச்சி’ என்று நூற்றுக்கு ஒரு மதிப்பெண், பக்கத்தில் சிரிக்கிற மாட்டு மூஞ்சி ஒன்று.

போன மாதம் செவலை போட்ட காளைக்கன்றை இருபத்தைந்தாம் நாள் விற்றோம். வண்டியில் ஏற்றும்போதே ஆரம்பித்த கத்தல், விடியவிடிய நிற்கவில்லை. தும்பை இழுத்துக்கொண்டு முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றியே வந்தது. அம்மா இரண்டு தடவை எழுந்து போய்க் கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தார். காலையில் செயலியைத் திறந்தால் மகிழ்ச்சி 91! அதற்கு முந்தின வாரம் முழுக்க 78, 80 என்றுதான் இருந்தது. அதாவது கன்றை விற்ற ராத்திரிதான் செவலை இந்த ஆறு மாதத்தில் ரொம்பச் சந்தோஷமாக இருந்த ராத்திரியாம். அம்மாவிடம் காட்டினேன். “அதக் கொண்டுபோயி உன் கழுத்துல கட்டிக்க” என்றார்.

பெல்ட் விற்றவருக்குப் போன் செய்தேன். போகப்போக மாட்டைப் பழகிக்கொண்டு சரியாகிவிடும் என்கிறார். மாடு பழகுமா, பெல்ட் பழகுமா என்று கேட்டேன், பதில் இல்லை.

பால் விஷயமும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் வேளைக்கு அரை லிட்டர் குறைந்தது, கறக்க உட்கார்ந்தால் அடக்கிக்கொண்டது, மூன்றாம் நாள் பழையபடி வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து மாமா “பால் வந்துருச்சுல்ல, அப்புறம் என்ன விசாரம்” என்கிறார். அம்மாவோ அது இன்னும் தேறவில்லை, கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது என்கிறார். பெல்ட் ஒன்று சொல்கிறது, மாமா ஒன்று சொல்கிறார், அம்மா ஒன்று சொல்கிறார். மாட்டின் மனநிலையை உண்மையிலேயே அளக்க வழி இருக்கிறதா, இல்லை எல்லாம் நாமாக ஏற்றிச் சொல்வதுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சும்மா_ஒருத்தன் (ஆத்தூர்):

தம்பி, பாலும் சினையும் சாணியும் சரியாக இருந்தால் மாடு சரியாக இருக்கிறது, அவ்வளவுதான் கணக்கு. மாட்டுக்கு மனசு, மனசுக்கு மார்க்கு என்று போனால் கடைசியில் நாம்தான் மனசு கெட்டு அலைவோம். இப்படித்தான் காளைக்கு மனசு நோகிறது என்று ஆரம்பித்துக் கூலமேட்டில் வாடிவாசலையே மூடப் பார்த்தார்கள். உங்கள் மாமா சொன்னதுதான் சரி.


கொம்பும்_குளம்பும் (கால்நடை மருத்துவர், சேலம்):

தோட்டத்துக்காரரே, உங்கள் பெல்ட் பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறது. தெரியாததற்கு யாரோ ‘மகிழ்ச்சி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த பெல்ட்டுக்குள் இருப்பது அசைவை உணரும் சின்னச் சில்லு. கழுத்து எவ்வளவு ஆடுகிறது, தாடை எந்தத் தாளத்தில் அசைகிறது, மாடு எவ்வளவு நடக்கிறது என்பது அதற்குத் தெரியும். சினைப்பருவத்தில் மாடு நிலைகொள்ளாமல் நடக்கும், அதைப் பிடிக்கத்தான் இந்தச் சாதனமே முதலில் வந்தது. உங்கள் செயலியை எழுதியவர்கள் அசைவு கூடினால் மாடு துடிப்பாக இருக்கிறது, துடிப்பாக இருந்தால் சந்தோஷம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள் போலிருக்கிறது. கன்றைத் தேடி ராத்திரி முழுக்க முளைக்குச்சியைச் சுற்றிய மாட்டுக்கு 91 வந்தது அதனால்தான்.

இதில் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு, இது உங்கள் பெல்ட்டோடு நிற்கிற விஷயமில்லை. ஒரு விலங்கின் உணர்ச்சியைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கலாம்: எவ்வளவு கிளர்ந்திருக்கிறது என்பது ஒன்று, அந்தக் கிளர்ச்சி அதற்குப் பிடித்ததா பிடிக்காததா என்பது இன்னொன்று. கருவிகள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடும். நாடித்துடிப்பு ஓடினாலும் ஏறும், பயந்தாலும் ஏறும், தவிட்டுக் கூடையைப் பார்த்தாலும் ஏறும். கார்ட்டிசால் என்ற சுரப்பை ரத்தத்திலும் பாலிலும் சாணியிலும்கூட அளக்கிறார்கள், ஆனால் அது வலியிலும் கூடும், இனச்சேர்க்கையிலும் கூடும். ரத்தம் எடுக்க ஊசியோடு நாம் கிட்டே போனாலே ஏறிவிடும் என்பது தனிக் கூத்து, சாணியில் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் மாமாவின் பால் கணக்குக்கு வருகிறேன். பால் நின்றால் நிச்சயம் ஏதோ கோளாறு, ஆனால் பால் வருகிறது என்பதற்காகக் கோளாறே இல்லை என்று ஆகாது. நிறையக் கறக்க வேண்டும் என்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த இனம் இது, உடம்பைக் கரைத்துக் கொடுக்கும். பின்னங்காலைத் தரையில் ஊன்ற முடியாமல் நிற்கிற மாடு வேளைக்கு எட்டு லிட்டர் கறப்பதை நான் வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். இரண்டு நாள் அடக்கிக்கொண்டது என்றீர்களே, அது இன்னொரு கதை. மடியில் ஊறிய பால் காம்புக்கு இறங்க ஆக்சிடோசின் என்ற சுரப்பு வர வேண்டும், பதற்றத்தில் அது தடைபடும். ஆக, அந்த இரண்டு நாளாவது உங்கள் அம்மா பக்கம் ஒரு சாட்சி இருக்கிறது.

கண்ணைப் பார்த்தால் தெரிகிறது என்று அம்மா சொன்னதைப் படித்ததும் சிரித்துக்கொண்டேன், கேலியாக இல்லை. நார்வேயில் இதையே அளந்திருக்கிறார்கள். மாட்டுக்கண்ணில் வெள்ளை விழி எத்தனை சதவீதம் தெரிகிறது என்று படம் பிடித்துக் கணக்கிட்டார்கள். தீவனத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டிக் கொடுக்காமல் விட்டால் வெள்ளை கூடியது, தீவனம் கிடைத்தவுடன் குறைந்தது. அது 2002. பிறகு 2005-ல் தாயையும் கன்றையும் பிரித்துப் பார்த்தார்கள், பிரித்ததும் வெள்ளை கூடியது, கன்றைத் திரும்ப விட்டதும் குறைந்தது. உங்கள் அம்மா அந்தக் கட்டுரையைப் படித்திருக்க மாட்டார், அவர் பார்த்தது அதைத்தானா என்றும் நான் சொல்ல முடியாது, ஆனால் பார்த்த இடம் சரியான இடம்.

பழகிய கண்ணையே ஒரு அளவுகோலாக ஆக்குகிற முறையும் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பிரான்சுவாஸ் வீமெல்ஸ்ஃபெல்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளை வைத்து ஆரம்பித்தது. காது எப்படி, வால் எப்படி என்று துண்டு துண்டாக எண்ணாமல், முழு விலங்கையும் பார்த்து நிம்மதியாக, சலிப்பாக, பதற்றமாக, துருதுருவென்று என நமக்குத் தோன்றுகிற சொல்லைச் சொல்லி, ஒரு கோட்டில் எவ்வளவு என்று குறிப்பது. தனித்தனியாக உட்கார்ந்து குறித்தவர்களின் முடிவுகள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஒத்துப்போயின. பிறகு ஐரோப்பாவில் பண்ணை விலங்கு நலனை மதிப்பிட உருவாக்கிய முறையிலும் இதைச் சேர்த்தார்கள்.

ஆனால் அம்மாவுக்கும் ஒரு எச்சரிக்கை. கன்றை விற்றது அவருக்குத் தெரியும். தெரிந்து பார்க்கிற கண் வேறு, தெரியாமல் பார்க்கிற கண் வேறு. பெல்ஜியத்தில் கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு ஒரே காணொளியை இரண்டு முறை காட்டி, இரண்டு முறையும் வேறு வேறு தகவல் சொல்லியிருக்கிறார்கள். விலங்கு அதேதான், காட்சி அதேதான், ஆனால் சொன்ன தகவலுக்கு ஏற்ப மதிப்பெண் மாறிவிட்டது (2014). நாங்கள் படித்தவர்களே இப்படி.

அப்படியானால் யாரைத்தான் கேட்பது? மாட்டையே கேட்கலாம். வாயால் சொல்லாது, காலால் சொல்லும். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு கதவில் எடையைக் கூட்டிக்கொண்டே போய், மாடு எதற்காக எவ்வளவு கனத்தைத் தள்ளும் என்று பார்த்தார்கள். புல்வெளிக்குப் போக மாடுகள் தள்ளிய எடை, புதுத் தீவனத்துக்குத் தள்ளிய எடைக்குச் சளைக்கவில்லை. உடம்பைத் தேய்த்துக்கொள்கிற சுழல் பிரஷ்ஷுக்காகவும் அப்படியே தள்ளின. நாம் தேங்காய் நாரால் தேய்த்துவிடும்போது கழுத்தை நீட்டிக் காட்டுமே, அந்தச் சுகத்துக்கு அது எவ்வளவு விலை கொடுக்கும் என்று எடைபோட்டுப் பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். (மனுநீதிச் சோழன் கதையில் பசு மணிக்கயிற்றை இழுத்ததே, அதுவும் இந்த வகைச் சோதனைதான்.)

இன்னொரு முறை, எனக்கு ரொம்பப் பிடித்தது. கன்றுகளுக்குத் திரையில் ஒரு நிறம் வந்தால் பால் கிடைக்கும், இன்னொரு நிறம் வந்தால் கிடைக்காது என்று சிவப்பையும் வெள்ளையையும் வைத்துப் பழக்கினார்கள். பழகியபின் நடுவாந்தரமான இளஞ்சிவப்பைக் காட்டினால் கன்று கிட்டே போகுமா, போகாதா? கொம்புக் குருத்தைச் சூடு வைத்துத் தீய்த்த பிறகு, அந்த இரண்டுங்கெட்டான் நிறத்தை நோக்கிப் போவது குறைந்தது. தாயைப் பிரித்த பிறகும் குறைந்தது. எலிகளை வைத்து 2004-ல் முதலில் செய்த சோதனை இது. மனம் நொந்த மனுஷனுக்கு எதைப் பார்த்தாலும் ‘இது நமக்கு அமையாது’ என்று தோன்றுமே, அதையேதான் இப்படிப் பிடிக்கிறார்கள். அசைவைப் போலவோ நாடியைப் போலவோ இல்லாமல், பிடித்ததா பிடிக்காததா என்ற இரண்டாவது கேள்வியை இது தொடுகிறது.

உங்கள் கொட்டாயில் நீங்களே செய்யக்கூடியது இரண்டு சொல்கிறேன். மாடு தீவனம் தின்னும்போது எதிரே இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கையை முன்னால் நீட்டி, புறங்கை மாட்டுப் பக்கம் இருக்க, நொடிக்கு ஓர் அடி என்று மெதுவாகப் போங்கள். எந்தத் தூரத்தில் தலையை இழுத்துக்கொள்கிறது என்று குறியுங்கள். நீங்கள் ஒரு நாள், அம்மா ஒரு நாள், வேற்றாள் ஒரு நாள். மனுஷனைப் பார்த்து மாடு எவ்வளவு பயப்படுகிறது என்பதற்கு இதைவிட மலிவான அளவுகோல் இல்லை. அடுத்தது படுக்கை. நல்ல கறவை மாடு ஒரு நாளில் சுமார் 10 முதல் 12 மணி நேரம் படுத்திருக்கும். தரை சரியில்லை என்றால் நின்றே பொழுதைக் கழிக்கும், வெயில் ஏறினாலும் நிற்கும். உங்களது சிமெண்டுத் தரையா? அட்டைக் கூரையா? பாதித் தரையில் வண்டல் மண் பரப்பிவிட்டு, தும்பை நீளமாக விட்டு, எங்கே படுக்கிறது என்று பாருங்கள். நாலைந்து நாள் கழித்துப் பக்கத்தை மாற்ற மறக்காதீர்கள், இல்லையென்றால் மண்ணைத் தேடியதா, மூலையைத் தேடியதா என்று தெரியாமல் போய்விடும்.

ஆத்தூர் அண்ணாவுக்கு: ஜல்லிக்கட்டை இங்கே இழுக்க வேண்டாம். உச்ச நீதிமன்றம் 2014-ல் ஒன்று சொன்னது, மாநில அரசு 2017-ல் சட்டத்தைத் திருத்தியது, 2023-ல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றுக்கொண்டது, இரண்டு பக்கமும் பேசி முடித்தாகிவிட்டது. ஆனால் அந்த 2014 தீர்ப்பில் வந்த ‘ஐந்து சுதந்திரங்கள்’ எங்கே ஆரம்பித்தன தெரியுமா? பிரிட்டனில் 1965-ல் வந்த பிராம்பெல் குழு அறிக்கையில். முதலில் அதில் இருந்தவை ரொம்பச் சாதாரணமான ஐந்து: விலங்கு எழ முடிய வேண்டும், படுக்க முடிய வேண்டும், திரும்ப முடிய வேண்டும், தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ள முடிய வேண்டும், கைகாலை நீட்ட முடிய வேண்டும். உங்கள் கட்டுத்தரையில் ஒரு முழத் தும்பில் கட்டிய மாட்டுக்கு இதில் எத்தனை தேறும் என்று எண்ணிப் பாருங்கள், அதற்கு மனசு பற்றிய வாதமே தேவையில்லை.


மேச்சேரிப்பட்டி:

டாக்டரம்மா காதை விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் அறுபது உருப்படி மேச்சேரிச் செம்மறி ஆடு. அப்பா விடிகாலையில் பட்டிப் படலைத் திறக்கும்போது எண்ணவே மாட்டார், காதை மட்டும் பார்ப்பார். காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு வருவதைத் தனியாகப் பிடித்துக் கட்டிவிடுவார். சாயங்காலம் பார்த்தால் அதற்குக் கழிச்சலோ, குளம்பில் புண்ணோ இருக்கும். நான் இதை அப்பாவின் கைராசி என்று நினைத்திருந்தேன். பொட்டனேரி ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு பயிற்சிக்குப் போயிருந்தபோது சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் இருந்தவர் ஒருவர் சொன்னார், செம்மறிக்கு வலி எவ்வளவு என்று முகத்தைப் பார்த்தே மார்க் போடுகிற அட்டவணை 2016-லேயே கேம்பிரிட்ஜில் வந்துவிட்டதாம். கண் சுருங்குவது, கன்னம் இறுகுவது, காது, உதடும் தாடையும், மூக்குத்துவாரம் என்று ஐந்து இடம் பார்க்கிறார்களாம். அப்பாவிடம் சொன்னேன். “நான் ஒண்ணுதான் பாக்கறன், அவிய அஞ்சு பாக்கறாங்க, பாக்கட்டும்” என்றார்.

நாமாக ஏற்றிச் சொல்வதா என்று கேட்டீர்களே, அதற்கும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கோயிலில் கிடா வெட்டும்போது மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு எல்லாரும் சுற்றி நிற்போம். கிடா உடம்பைச் சிலுப்பினால் ‘துளுக்கிருச்சு, சம்மதம் சொல்லிருச்சு’ என்று அருவாள் எழும். சிலுப்பாவிட்டால் இன்னொரு சொம்பு. காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் சிலுப்பத்தான் செய்யும், பட்டியில் மழை பெய்தால் அறுபதும் ஒன்றாகச் சம்மதம் சொல்கிறதே! நானும் வெட்டுகிறவன், தின்கிறவன்தான், பக்தியைக் குறை சொல்லவில்லை. நமக்கு வேண்டிய பதில் வரும்வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதற்குச் சோதனை என்று பெயரில்லை, அதைத்தான் சொல்ல வந்தேன். அந்த பெல்ட்காரரும் கொஞ்சம் அந்த வேலையைத்தான் செய்திருக்கிறார்.

ஆத்தூர் அண்ணா, பால் வந்தால் மாடு சரியாக இருக்கிறது என்கிறீர்கள். கன்று செத்துப்போனால் அந்தத் தோலில் வைக்கோலைத் திணித்து முன்னால் நிறுத்திக் கறப்பார்களே, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கும்தான் பால் விட்டது. மாடு சரியாக இருந்தது என்றா அர்த்தம்?


சும்மா_ஒருத்தன்:

வைக்கோல் கன்றை எங்கள் ஆயா வைத்துப் பார்த்திருக்கிறேன், அதை நக்கிக்கொண்டே நிற்கும், சின்னப்பையனாக எனக்கு அது பிடிக்காது, அந்தப் பக்கமே போக மாட்டேன். சரி, பால் மட்டும் போதாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறுபது ஆட்டுக்கும் தினமும் முகம் பார்த்து மார்க் போட எவனுக்கு நேரம் இருக்கிறது?


மலைக்காபி (ஏற்காடு):

நான் நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் மேற்பார்வை வேலை. பெல்ட் அசைவைச் சந்தோஷம் என்று தப்பாகப் படித்தது, எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் அசையாமல் நிற்பதைச் சாந்தம் என்று தப்பாகப் படிக்கிறார்கள். காப்பிச் செடிக்குள் காட்டுமாடு வந்து நிற்கும். சில்வர் ஓக் மரத்தடியில் கல்லில் செய்து வைத்த மாதிரி நிற்கும். காரை ஓரம் கட்டிவிட்டு, ‘பாவம், சாதுவாக நிக்குது’ என்று இறங்கிப் போய்ச் செல்போனை நீட்டுவார்கள். அது சாது இல்லை, அது உங்களை அளந்துகொண்டு நிற்கிறது. தலையைத் தாழ்த்தி மூச்சை ஒரு சீறு சீறினால் அதற்கப்புறம் யோசிக்க நேரம் கிடையாது. எங்கள் பறிப்பு ஆட்களில் பெண்கள் இதை ரொம்ப நன்றாகப் படிப்பார்கள், ‘இன்னிக்கு அது சரியில்ல, கீழ்ப்பட்டிக்குப் போலாம்’ என்று ஒருத்தர் சொன்னால் நான் மறுபேச்சு பேசுவதில்லை. எதை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது அவர்களுக்கு. டாக்டரம்மா சொன்ன அந்த முழு விலங்கையும் பார்க்கிற முறை என்றதும் அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

ஒரு சந்தேகம் டாக்டர். வீட்டில் நாலு தேன்பெட்டி வைத்திருக்கிறேன். பெட்டியை ஆட்டிவிட்டால் அன்றைக்கு முழுக்க அதுகளின் குணமே வேறு மாதிரி இருக்கிறது. தேனீக்கெல்லாம் இந்த மாதிரி ஏதாவது உண்டா, இல்லை நான் அதிகம் யோசிக்கிறேனா? அப்புறம் எங்கள் வீட்டு நாய் செருப்பைக் கடித்துவிட்டுக் குற்ற உணர்ச்சியோடு பார்க்கிறதே, அதையாவது நம்பலாமா?


கொம்பும்_குளம்பும்:

நாயை முதலில் முடிக்கிறேன், நம்பாதீர்கள். அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் என்பவர் 2009-ல் சோதித்திருக்கிறார். தின்பண்டத்தைத் தின்ற நாய், தின்னாத நாய் இரண்டையும் எசமானர்கள் திட்டினால் இரண்டுமே அந்தப் பார்வையைப் பார்க்கின்றன. தப்பு செய்ததற்கும் பார்வைக்கும் சம்பந்தமில்லை, உங்கள் குரலுக்கும் பார்வைக்கும்தான் சம்பந்தம். அது குற்ற உணர்ச்சி இல்லை, உங்களைப் பார்த்து வருகிற பதற்றம்.

தேனீ விஷயத்தில் நீங்கள் அதிகம் யோசிக்கவில்லை. 2011-ல் இங்கிலாந்தில் தேனீக்களை ஒரு நிமிடம் குலுக்கிவிட்டு (தேனுக்காக விலங்கு ஏதாவது கூட்டைத் தாக்குவது போல), கன்றுகளுக்குச் செய்த அதே நடுவாந்தரச் சோதனையை வாசனையை வைத்துச் செய்தார்கள். ஒரு வாசனைக்குச் சர்க்கரைத் தண்ணீர், இன்னொன்றுக்குக் கசப்பு. இரண்டையும் கலந்து காட்டியபோது குலுக்கப்பட்ட தேனீக்கள் நாக்கை நீட்டுவது குறைந்தது. இதை வைத்துத் தேனீ நம்மைப் போலச் சோகப்படுகிறது என்று ஆய்வாளர்களே சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் மாட்டுக்கு இதே சோதனையை ஆதாரம் என்று எடுத்துக்கொண்டு, தேனீக்கு வந்தால் மட்டும் தள்ளிவிடுவது நியாயமில்லை, எனக்கே அது கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

ஆத்தூர் அண்ணா, அறுபதுக்கும் மார்க் போட வேண்டாம். மேச்சேரிக்காரரின் அப்பா போடுவது போல ஒரு பார்வை போதும், அட்டவணை அந்தக் கண் இல்லாதவர்களுக்கு.


தோட்டத்துக்காரன்:

பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது, வந்து சொல்லாமல் இருக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கை நீட்டும் சோதனை. அம்மா போனால் செவலை தலையை இழுப்பதே இல்லை, கையை நக்குகிறது. நான் போனால் ஒரு முழம் இருக்கும்போது தலையை இழுத்துக்கொள்கிறது. பக்கத்துத் தோட்டத்து மாமா போனபோது எழுந்தே நின்றுவிட்டது. அவருக்கு முகம் சுருங்கிப்போனது, அதை அளக்க அட்டவணை தேவைப்படவில்லை. பிறகுதான் நினைவு வந்தது, கன்றை வண்டியில் ஏற்றியது அவர்தான்.

அப்புறம் படுக்கை. பாதிச் சிமெண்டுத் தரையில் ஏரி வண்டலை நாலு விரக்கடை பரப்பினேன். தும்பை நீட்டிவிட்டு, பழைய செல்போனை விட்டத்தில் கட்டிப் பதிவு செய்தேன். முதல் நான்கு ராத்திரியும் செவலை மண்ணைச் சீந்தவே இல்லை, வெறும் சிமெண்டில்தான் படுத்தது. எனக்குப் பெரிய ஏமாற்றம், நாலு வண்டி மண் அடித்த இடுப்பு வலி வேறு. டாக்டரம்மா சொன்னபடி ஐந்தாம் நாள் மண்ணை வாரி அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் மாற்றினேன். அன்றைக்கு மண்ணில் படுத்தது. சரி, மண்ணுக்குப் பழகிவிட்டது என்று நினைத்தேன். பதிவை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாதான் கண்டுபிடித்தார். இரண்டு முறையும் அது படுத்தது ஒரே மூலை. அங்கே படுத்தால்தான் தடுப்புச்சுவரைத் தாண்டி நாட்டு மாடு தெரிகிறது. அது தேர்ந்தெடுத்தது தரையை இல்லை, துணையை! மண்ணு மண்ணு என்று நான் கேட்ட கேள்வி ஒன்று, மாடு சொன்ன பதில் வேறொன்று.

தடுப்புச்சுவரில் இரண்டு வரிசைக் கல்லை எடுத்துவிட்டேன். இப்போது எங்கே படுத்தாலும் ஒன்றையொன்று பார்க்கலாம். கடைசி மூன்று ராத்திரியும் மண்ணில்தான் படுக்கிறது. படுக்கும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தேன், முன்பு பகலும் இரவும் சேர்த்து ஒன்பது மணி நேரத்தைத் தாண்டாது, இப்போது பத்தரை, பதினொன்று வருகிறது. சுவரை எடுத்ததாலா, மண்ணாலா, கன்றை மறக்க ஆரம்பித்துவிட்டதாலா என்று கேட்காதீர்கள், மூன்றையும் நான் ஒரே வாரத்தில் கலந்தடித்துவிட்டேன்.

கூரை அட்டைதான் டாக்டரம்மா. மத்தியானம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணினேன், நிமிடத்துக்கு 70-க்கு மேல் போகிறது.

பெல்ட்டின் மகிழ்ச்சி எண் இந்த வாரம் 74. படுத்திருக்கும் நேரம் கூடியதால் குறைந்திருக்கிறது என்று நினைக்கிறேன். விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.


கொம்பும்_குளம்பும்:

ரொம்ப நன்றாகச் செய்திருக்கிறீர்கள், கலந்தடித்ததையும் சேர்த்து. 70 என்பது அதிகம், நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினாலே வெப்பம் தாங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அட்டைமேல் தென்னங்கீற்றைப் போட்டுத் தண்ணீர் தெளியுங்கள், மத்தியானம் வேப்பமரத்தடியில் கட்டுங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். அடுத்த ஈற்றில் கன்றை விற்பதாக இருந்தால் சட்டென்று ஏற்றிவிடாதீர்கள். நாலைந்து நாள் கன்றுக்கு வாய்க்கூடு போட்டு மடியில் பால் குடிப்பதை மட்டும் நிறுத்தி, தாய் பக்கத்திலேயே விடுங்கள், கறந்த பாலுக்கும் தீவனத்துக்கும் தண்ணீருக்கும் மட்டும் கூட்டை அவிழ்த்துவிட்டு. பிறகு பிரியுங்கள். பாலை முதலில், துணையைப் பிறகு என்று இரண்டு கட்டமாகப் பிரித்த கன்றுகள் கத்துவது வெகுவாகக் குறைந்ததாக ஆய்வு இருக்கிறது. மாமாவை மட்டும் வண்டி ஏற்றக் கூப்பிடாதீர்கள்.


சும்மா_ஒருத்தன்:

தம்பி, அந்த பெல்ட்டை விற்பதாக இருந்தால் சொல்லுங்கள். மகிழ்ச்சி எண் எனக்கு வேண்டாம், எங்கள் எருமைக்கு ஊமைப்பருவம், எப்போது வருகிறது எப்போது போகிறது என்றே தெரியாமல் இரண்டு தடவை விட்டுவிட்டேன். எருமைக் கழுத்துக்கு அந்த அளவு போதுமா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.